ரன்வேக்குப் போகும் வழி: டாக்ஸிவே பலகைகளைப் படிப்பது எப்படி?

ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. விமானம் நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து ஓடுபாதை வரை நீங்களே ஓட்டிக்கொண்டு போய்க் கடைசியாக எப்போது பறந்தீர்கள்? நம்மில் பலரும் ஆரம்பிக்கும் இடமாக 'ரன்வே' என்பதைத் தேர்வு செய்து, எஞ்சின் ஓடும் நிலையிலேயே தொடங்கி, த்ராட்டிலைத் தள்ளிப் பறந்து விடுகிறோம். நானும் பல வருடங்களாக அப்படித்தான் விளையாடி வந்தேன். தரையில் ஊர்ந்து போவதில் என்ன சுவாரஸ்யம் என்ற நினைப்புதான்.

என் சித்தி மகன் பைலட் பயிற்சியில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்தால் என் கம்ப்யூட்டரில்தான் உட்காருவான். லேண்டிங் எல்லாம் என்னைவிடப் பிரமாதமாகச் செய்வான். ஒரு நாள் போன் செய்தான்.

"அண்ணா, இன்னைக்கு டாக்ஸி பண்ணும்போது மஞ்சள் கோட்டைத் தாண்டப் போயிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் பிரேக்கை அழுத்திட்டார்."

"கோடு தெரியலையாடா?"

"தெரிஞ்சுது. டவர்லதான் டாக்ஸி பண்ணச் சொல்லிட்டாங்களே, போகலாம்னு நினைச்சேன்."

இந்தப் பதிலை யோசித்துப் பாருங்கள். அவனுக்குக் கண்ணிலோ காதிலோ குறை இல்லை. கோட்டைப் பார்த்தான், ரேடியோவையும் கேட்டான். எதற்கு எந்த அதிகாரம் என்பதில்தான் குழப்பம். பலகையும் கோடும் 'நீ எங்கே இருக்கிறாய்' என்று சொல்கின்றன. 'எதுவரை போகலாம்' என்பதைச் சொல்வது கன்ட்ரோலர் கொடுக்கும் அனுமதி, அதாவது கிளியரன்ஸ். இரண்டையும் ஒவ்வொரு திருப்பத்திலும் பொருத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பழகலாம். நிஜ விமானத்தில் வழி தெரியாமல் சுற்றினால் அந்த நிமிடங்களுக்கும் பயிற்சிக் கட்டணம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்று நிறங்கள்

முதலில் பலகைகள். ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளை ஒட்டியே உலகெங்கும் இவற்றை வைக்கிறார்கள். எனவே ஒரு முறை கற்றுக்கொண்டால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சிகாகோவுக்கும் உதவும்.

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது நீங்கள் இருக்கும் இடம். 'பி' என்று இருந்தால் பி என்ற டாக்ஸிவேயில் இருக்கிறீர்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும் அம்புக்குறியும் இருந்தால் அது போகும் வழி. அடுத்து வரும் சந்திப்பில் அந்தப் பக்கம் திரும்பினால் அந்த டாக்ஸிவே வரும். நான் மனதில் வைத்திருப்பது இதுதான்: கறுப்பில் மஞ்சள் இருக்கும் இடம், மஞ்சளில் கறுப்பு போகும் இடம். பெரிய சந்திப்புகளில் நான்கைந்து பலகைகள் ஒட்டி ஒட்டி நிற்கும். பயப்பட வேண்டாம். முதலில் கறுப்பைத் தேடுங்கள். இடது பக்கத் திருப்பங்கள் அதற்கு இடப்புறமும், வலது பக்கத் திருப்பங்கள் வலப்புறமும் இருக்கும்.

மூன்றாவது, சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. இது கட்டளைப் பலகை. அனுமதி இல்லாமல் இதைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் இதில் ஓடுபாதையின் எண்கள் இருக்கும், '07-25' என்பதைப் போல.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஓடுபாதை நோக்கும் திசையைக் காந்தத் திசைகாட்டியின் டிகிரியில் அளந்து, பத்தால் வகுத்து, முழு எண்ணாக்கினால் கிடைப்பது. ஏறத்தாழ 70 டிகிரி என்றால் 07. அதே பாதையை எதிர்முனையிலிருந்து பார்த்தால் 250 டிகிரி, எனவே 25. சென்னையின் முதன்மை ஓடுபாதை இந்த 07-25தான். இன்னொன்று 12-30.

சிவப்புப் பலகையில் எண்களின் வரிசைக்கும் அர்த்தம் உண்டு. '07-25' என்று இருந்தால் 07 ஆரம்பிக்கும் முனை உங்களுக்கு இடது கைப்பக்கம், 25 முனை வலது கைப்பக்கம். அதே ஓடுபாதையின் எதிர்ப்புறம் போய் நின்றால் பலகை '25-07' என்று மாறியிருக்கும். 07-இல் புறப்பட வேண்டியவர் '07-25' பலகையைப் பார்த்தால், முனைக்குப் போக இடப்பக்கம் என்று மேப் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். முனையிலேயே நிற்கிறீர்கள் என்றால் அந்த ஒரு எண் மட்டும்கூட இருக்கலாம்.

சிவப்புப் பலகைக்குப் பக்கத்திலேயே பல இடங்களில் கறுப்புப் பலகையும் இருக்கும். கறுப்பில் 'ஏ1', சிவப்பில் '07-25'. அதாவது நீ நிற்பது ஏ1, உன் எதிரே இருப்பது 07-25 ஓடுபாதை.

டாக்ஸிவேகளின் பெயரில் ஐ, ஓ, எக்ஸ் ஆகிய ஆங்கில எழுத்துகளைத் தவிர்க்கச் சொல்கிறது ஐ.சி.ஏ.ஓ. முதல் இரண்டும் ஒன்று, பூஜ்யம் ஆகிய எண்களைப் போல இருக்கும். பெருக்கல் குறி போன்ற எக்ஸ், மூடப்பட்ட பாதையின் அடையாளம். பாஸ்வேர்டில் ஓவையும் பூஜ்யத்தையும் குழப்பிக்கொண்டு விழித்த எவருக்கும் இந்த விதியின் அருமை புரியும்.

நான்கு மஞ்சள் கோடுகள்

இனி என் தம்பி தாண்டப் போன கோடு. ஓடுபாதைக்கு முன்னால் டாக்ஸிவேயின் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் போட்டிருப்பார்கள். இரண்டு முழுக் கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக் கோடுகள் உங்கள் பக்கம் இருந்தால் அனுமதி வாங்காமல் தாண்டக் கூடாது. விட்ட கோடுகள் உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுபாதையிலிருந்து வெளியே வருகிறீர்கள் என்று பொருள், தாராளமாகத் தாண்டி வரலாம். தாண்டவும் வேண்டும். மூக்கு வெளியே வந்துவிட்டது என்று நின்றுவிட்டால் வால் இன்னும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். முழு விமானமும் கோட்டைக் கடந்த பிறகுதான் ஓடுபாதையை விட்டு வந்ததாகக் கணக்கு.

சில நிலையங்களில் இந்தக் கோட்டின் மேல் சிவப்பு விளக்குகளும் வரிசையாக எரியும். இதை ஸ்டாப் பார் என்பார்கள். எரிகிற ஸ்டாப் பாரைத் தாண்டக் கூடாது. வாயால் அனுமதி வந்து, விளக்கு மட்டும் அணையாமல் இருந்தால் நின்று கேட்க வேண்டும்.

நிறத்தை வைத்தே இன்னொன்றும் சொல்லிவிடலாம். டாக்ஸிவேயின் கோடுகள் மஞ்சள், ஓடுபாதையின் கோடுகள் வெள்ளை. இரவில் டாக்ஸிவேயின் ஓர விளக்குகள் நீலம், நடுக்கோட்டு விளக்குகள் பச்சை. மஞ்சள் கோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று வெள்ளைக் கோடு தென்பட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

எந்த அனுமதி எதுவரை?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கிளியரன்ஸ் என்பது ஒன்றல்ல. எஞ்சினைக் கிளப்ப ஒன்று, டாக்ஸி செய்ய ஒன்று, ஓடுபாதைக்குள் நுழைய ஒன்று, புறப்பட ஒன்று. ஒன்று கிடைத்துவிட்டதால் அடுத்ததும் கிடைத்துவிட்டது என்று ஆகாது. கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், ஒரு ஃபோல்டரைப் படிக்கும் உரிமை இருப்பதால் அழிக்கும் உரிமையும் வந்துவிடாது அல்லவா? அதைப் போலத்தான்.

ஓர் உதாரணம். கன்ட்ரோலர் சொல்கிறார்: "டாக்ஸி டு ஹோல்டிங் பாயின்ட் ஏ1 வயா பிராவோ, ஹோல்ட் ஷார்ட் ஆஃப் ரன்வே 12." இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் எல்லை ஏ1 என்ற ஹோல்டிங் பாயின்ட், அதாவது ஓடுபாதைக்கு முன்னால் உள்ள கோடு. வழி பி டாக்ஸிவே. நடுவில் 12 என்ற ஓடுபாதை குறுக்கிடுகிறது, அதற்கு முன்னால் நில். பேப்பரில் 'ஏ1 / பி / 12 முன் நில்' என்று குறித்துக்கொண்டால் போதும். 12-ஐக் கடக்க இன்னொரு அனுமதி வரும். ஏ1-க்குப் போன பிறகு "லைன் அப் அண்ட் வெயிட்" என்றால் ஓடுபாதைக்குள் போய் நேராக நின்று காத்திரு, பறக்காதே என்று அர்த்தம். "கிளியர்டு ஃபார் டேக் ஆஃப்" என்று காதில் விழுந்த பிறகுதான் த்ராட்டில்.

பழைய பாடப் புத்தகங்களையும் வீடியோக்களையும் வைத்துப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 2010 ஜூன் வரை 'டாக்ஸி டு ரன்வே' என்று சொல்லிவிட்டால் வழியில் குறுக்கிடும் மற்ற ஓடுபாதைகளைக் கடக்கவும் அது அனுமதியாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். "லைன் அப் அண்ட் வெயிட்" என்பதும் அங்கே 2010 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. அதுவரை "பொசிஷன் அண்ட் ஹோல்ட்". பழைய வெர்ஷன் ஹெல்ப் ஃபைலை வைத்துக்கொண்டு புது சாஃப்ட்வேரை இயக்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்.

'டேக் ஆஃப்' என்ற சொல்லுக்கே தனிக் கட்டுப்பாடு உண்டு. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், மூடுபனியில் இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். பறந்த பிறகு எந்த வழியில் போவது என்பதற்கான அனுமதிதான் கே.எல்.எம். விமானத்துக்குக் கிடைத்திருந்தது. புறப்படும் அனுமதி கிடைக்கும் முன்பே அது ஓடத் தொடங்கிவிட்டது. அந்த விபத்துக்குப் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக் ஆஃப்' என்று சொல்வது, மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்' என்பது வழக்கமானது.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் நடந்ததோ கிட்டத்தட்ட என் தம்பியின் கதை. ஜப்பான் கடலோரக் காவல் படையின் சிறிய விமானத்துக்கு ஹோல்டிங் பாயின்ட் சி5 வரை டாக்ஸி செய்யத்தான் அனுமதி தரப்பட்டது. ஓடுபாதைக்குள் நுழையவே அனுமதி கிடைத்துவிட்டதாக அதன் கேப்டன் எண்ணி உள்ளே போய் நின்றார். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன் மேல் மோதியது. ஏ350-இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தனர். அந்த விமானத்திலிருந்து சி5 என்று சரியாகத் திருப்பிச் சொல்லியும் இருந்தார்கள்.

திருப்பிச் சொல்வதை ரீட்பேக் என்பார்கள். ஓடுபாதைக்குள் நுழைவது, கடப்பது, அதற்கு முன் நிற்பது, புறப்படுவது எல்லாவற்றையும் ஓடுபாதை எண்ணோடும் உங்கள் கால் சைனோடும் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'ரோஜர்' போதாது. 'செய்தி வந்தது' என்றுதான் அதற்கு அர்த்தம், என்ன செய்தி வந்தது என்று அதில் இல்லை. ரீட்பேக் சரியாக இருந்தாலும் விமானம் எங்கே இருக்கிறது என்பதை அது நிரூபிக்காது. அடுத்த விபத்தைப் பாருங்கள்.

மிலான், 2001

இத்தாலியில் மிலான் நகரின் லினாட்டே விமான நிலையம், 2001 அக்டோபர் 8 காலை. கடும் மூடுபனி. மேற்குப் பக்க நிறுத்துமிடத்திலிருந்து ஒரு செஸ்னா சைடேஷன் சிறிய ஜெட் கிளம்புகிறது. ரோமியோ 5, அதாவது ஆர்5 வழியாக வடக்கே போகச் சொல்கிறார் கன்ட்ரோலர். ஆர்5 வடக்கே போய் ஓடுபாதையின் முனையைச் சுற்றி வரும் வழி. பைலட்டும் ஆர்5 என்றே திருப்பிச் சொல்கிறார். ஆனால் பாதை பிரியும் இடத்தில் விமானம் ஆர்6-இல் திரும்பிவிட்டது. ஆர்6 நேராக ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும் வழி. தரையில் எழுதியிருந்த எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன.

வழியில் சியரா 4-ஐ நெருங்குவதாகப் பைலட் ரேடியோவில் சொன்னார். தரையில் எஸ்4 என்று எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் கன்ட்ரோலர்களின் மேப்பில் எஸ்4 என்ற ஒன்றே இல்லை. தரையில் உள்ள விமானங்களைக் காட்டும் ரேடாரும் அன்று செயல்பாட்டில் இல்லை. விமானம் ஆர்5-இல்தான் இருக்கிறது என்ற நினைப்பிலேயே கன்ட்ரோலர் தொடர்ந்து டாக்ஸி செய்யச் சொல்ல, அது ஓடுபாதைக்குள் நுழைந்தது. அதே நேரம் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் எம்.டி.-87 புறப்பட ஓடி வந்துகொண்டிருந்தது. மோதிய எம்.டி.-87 போய் இடித்தது லக்கேஜ் கட்டிடத்தில். இரண்டு விமானங்களிலும் இருந்த 114 பேரும், கட்டிடத்தில் வேலையில் இருந்த 4 பேரும் இறந்தனர்.

எனக்கு உறுத்துவது அந்த எஸ்4தான். ஒருவர் பலகையைப் படித்துச் சொல்கிறார், மற்றவர் மேப்பில் அது இல்லை. இருவருக்கும் இரண்டு வெவ்வேறு டேட்டாபேஸ். சாஃப்ட்வேராக இருந்தால் எர்ரர் மெசேஜ் போட்டு நின்றிருக்கும். மனிதர்கள் இருவரும் இடைவெளியை அனுமானத்தால் நிரப்பிக்கொண்டார்கள். உங்கள் கண் பார்ப்பதும் காது கேட்டதும் பொருந்தவில்லை என்றால், அல்லது நீங்கள் சொன்ன இடத்தின் பெயரைக் கேட்டுக் கன்ட்ரோலர் தயங்கினால், பிரேக்கைப் பிடித்து 'எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை' என்று சொல்லிவிடுங்கள். 'ப்ரோக்ரஸிவ் டாக்ஸி' என்று கேட்டால் ஒவ்வொரு திருப்பமாக வழி சொல்வார்கள். ஒருவேளை ஓடுபாதைக்குள்ளேயே வந்துவிட்டதாகத் தெரிந்தால் அங்கேயே நின்று யோசிக்கக் கூடாது. உடனே சொல்லிவிட்டு வெளியேற வேண்டும்.

கடைசிச் சோதனை

ஓடுபாதைக்குள் போய் நேராக நின்றதும் திசைகாட்டியைப் பாருங்கள். 22-இல் நிற்கிறீர்கள் என்றால் 220-க்கு அருகில் காட்ட வேண்டும். 2006 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லெக்ஸிங்டனில் 22-இல் புறப்பட வேண்டிய காம்ஏர் ஜெட், விடியும் முன் இருட்டில் 26-இல் திரும்பிப் புறப்பட்டது. 26 மிகவும் குட்டையான பாதை. 50 பேரில் 49 பேர் இறந்தனர். திசைகாட்டியில் நாற்பது டிகிரி வித்தியாசம்.

ஆனால் திசைகாட்டி கைகொடுக்காத இடமும் உண்டு. அது இணையாக ஓடும் பாதைகள். தைபேயில் 2000 அக்டோபர் 31 அன்று, புயல் மழையில், 05 எல்-இல் புறப்பட வேண்டிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747, கட்டுமான வேலைக்காக மூடியிருந்த 05 ஆர்-இல் புறப்பட்டது. 179 பேரில் 83 பேர் இறந்தனர். இரண்டு பாதைக்கும் திசை ஒன்றே. எல்லா, ஆரா என்பதைச் சிவப்புப் பலகையும் தரையில் எழுதியிருக்கும் எண்ணும் விளக்குகளும்தான் சொல்ல முடியும்.

வீட்டில் பழகுவது எப்படி?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரோ எக்ஸ்-ப்ளேனோ இருந்தால் நல்லது. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் ஃப்ளைட்கியர் இருக்கிறது. முழுக்க இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். எதுவானாலும் ஆரம்பிக்கும் இடமாக 'பார்க்கிங்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். மைக்ரோசாஃப்டில் தரையில் வழிகாட்டும் 'டாக்ஸி ரிப்பன்' என்ற உதவி இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். வெளியிலிருந்து பார்க்கும் கேமராவும் வேண்டாம். காக்பிட் ஜன்னல் வழியாக மட்டும் பாருங்கள். வேகம், ஒரு மனிதர் விரைந்து நடக்கும் அளவு.

அடுத்து மேப். அமெரிக்க நிலையங்களின் வரைபடங்களை எஃப்.ஏ.ஏ. தளத்தில் பி.டி.எஃப். ஆக இலவசமாக டவுன்லோட் செய்யலாம். 28 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். இந்திய நிலையங்களுக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் இ-ஏ.ஐ.பி. தளத்தில் கிடைக்கும். பிரிண்ட் எடுத்து, நீங்கள் போகும் வழியை விரலால் தொடர்ந்து வாருங்கள். சில வரைபடங்களில் 'ஹெச்.எஸ்.1' என்று வட்டம் போட்டிருப்பார்கள். அவை ஹாட் ஸ்பாட் எனப்படும், பைலட்கள் அடிக்கடி குழம்பும் இடங்கள். பயிற்சிக்கு அவற்றைத்தான் தேடிப் போக வேண்டும்.

சிமுலேட்டரில் உள்ள ஏ.டி.சி. வழி சொல்லும். நீங்கள் எண் கீயை அழுத்தினால் கம்ப்யூட்டரே உங்கள் குரலுக்குப் பதிலாக ரீட்பேக் சொல்லிவிடும். இந்த வசதிதான் நம்மைக் கெடுக்கிறது. முதலில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு கீயை அழுத்துங்கள். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. கொஞ்சம் பழகியதும் 2001-இல் தொடங்கிய வாட்சிம் என்ற இலவச நெட்வொர்க்கில் சேரலாம். அங்கே கன்ட்ரோலராக இருப்பவர்கள் நிஜ மனிதர்கள், தன்னார்வலர்கள். ஹெட்செட் ஒன்று இருந்தால் போதும்.

பகலில் தடுமாறாமல் போக முடிகிறதா? வெதர் மெனுவில் பார்வை தூரத்தை 500 மீட்டர், பிறகு 200 மீட்டர் என்று குறையுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் முறை இப்படி முயன்றபோது, எந்த டாக்ஸிவேயில் இருக்கிறேன் என்றே தெரியாமல் மஞ்சள் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். பனிக்குள்ளிருந்து '1 எல் - 19 ஆர்' என்ற சிவப்புப் பலகை எதிரே வந்து நின்றது. எனக்குக் கொடுத்த வழியில் அந்தப் பெயரே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே வியர்த்தது.

தம்பிக்கும் இதே பயிற்சியைத்தான் கொடுத்தேன், நான் கன்ட்ரோலராக அவன் பக்கத்தில் உட்கார்ந்து. வேண்டுமென்றே மேப்பில் இல்லாத டாக்ஸிவே ஒன்றைச் சொன்னேன். முதல் இரண்டு முறை 'ரோஜர்' என்று சொல்லிவிட்டு எங்கோ திரும்பினான். மூன்றாவது முறை நின்றுவிட்டான். "அண்ணா, இந்தப் பேர்ல ஒண்ணுமே இல்லையே, திரும்பச் சொல்லுங்க" என்றான்.

ஒரு விஷயம் கவனிக்கவும். சிமுலேட்டரில் உள்ள பலகைகள் எல்லா நிலையங்களிலும் நிஜத்தைப் போலவே இருக்காது. சிறிய நிலையங்களில் பலகையே இல்லாமலும் இருக்கலாம். பழைய டி.வி.டி. வைத்திருப்பவர்கள் ஓடுபாதை எண்ணையும் சரிபார்க்க வேண்டும். பூமியின் காந்தத் திசை மெல்ல நகர்வதால் எண்களும் சில நேரம் மாறும். அமெரிக்காவின் டாம்பா நிலையத்தில் 18-36 என்று இருந்த ஓடுபாதைகளை 2011-இல் 19-1 என்று மாற்றினார்கள். பழைய சிமுலேட்டரில் அது இன்னும் 18 என்றே இருக்கும். புதிய வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கெங்கே மாறுபடுகிறது என்று பேனாவால் குறித்துவிட்டு ஆரம்பியுங்கள்.